பழைய கிரெடிட் கார்டு பாக்கி: முதலில் காகிதம், அப்புறம் பேச்சு, கடைசியில்தான் பணம்

வேலை போன வருடம் என் கார்டில் 38,000 ரூபாய் பாக்கி நின்றது. ஏழெட்டு மாதம் ஒரு பைசா கட்டவில்லை. ஒரு நாள் ஏஜென்ட் ஒருவர் போனில், "சார், இருபதாயிரம் கட்டுங்க, கணக்கை முடிச்சுடறோம்" என்றார். நண்பரிடம் கடன் வாங்கிக் கட்டினேன். கடிதம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நான்கு வருடம் கழித்து வீட்டுக் கடன் கேட்டுப் போனபோதுதான் தெரிந்தது, அந்தக் கணக்கு மூடப்படவே இல்லை. நான் கட்டிய இருபதாயிரம் வட்டிக்கும் அபராதத்துக்கும் போய்விட்டது, பாக்கி ஒரு லட்சத்தைத் தாண்டி நின்றது. அப்படி ஒரு பேச்சு நடந்ததாக வங்கியில் எந்தப் பதிவும் இல்லை.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று பலருடைய கார்டு கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாரும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள். பயத்தில் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் காகிதத்தைத் தேடுகிறார்கள். இந்தியாவில் வாங்கிய கார்டில் வருடக்கணக்காகப் பாக்கி வைத்திருக்கும் ஒருவர் என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

ஒரே கடன், மூன்று கணக்கு

வேலையைத் தொடங்கும் முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே கடன் மூன்று இடங்களில் மூன்று விதமாக இருக்கிறது. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

முதலாவது, வங்கியின் புத்தகம். குறைந்தபட்சத் தொகையைக்கூட கெடு தேதியிலிருந்து 90 நாளுக்குள் முழுதாகக் கட்டாவிட்டால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிறது. இன்னும் கொஞ்ச காலம் போனால் வங்கி அதை 'ரைட் ஆஃப்' செய்யும். இந்தச் சொல்லைப் பார்த்ததும் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அப்படி இல்லை. வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலை அது. உங்களிடம் கேட்கும் உரிமையை வங்கி விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாவது, சட்டம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட 3 வருடம்தான் கெடு. அது தாண்டினால் நீதிமன்றம் மூலம் வசூலிக்கும் வழி அடைபடும். கடன் அழிந்துவிடுவதில்லை, வழக்கு போடும் வழி மட்டும் போய்விடுகிறது. இந்த 3 வருடக் கடிகாரத்தை நீங்களே தெரியாமல் திருப்பி வைத்துவிட முடியும் என்பதுதான் ஆபத்து. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, கிரெடிட் ரிப்போர்ட், அதாவது நீங்கள் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவு. கடன் தகவல் நிறுவனங்கள் ஒரு தகவலைக் குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. "ஏழு வருஷம் ஆனா தானா அழிஞ்சிடும்" என்று சொல்வார்கள். விதியில் 'குறைந்தது' என்றுதான் இருக்கிறது. 7 வருடம் முடிந்த அன்றே அழிக்க வேண்டும் என்று இல்லை. பாக்கி நிற்கும் கணக்கை வங்கி தொடர்ந்து தெரிவித்துக்கொண்டே இருந்தால் அது ரிப்போர்ட்டில் புதிதாகவே இருக்கும். சட்டக் கெடு முடிந்த கடனும் ரிப்போர்ட்டில் கறையாக நிற்கலாம். ஒன்று முடிந்ததால் மற்றொன்று முடியாது.

படி 1: நான்கு ரிப்போர்ட்டையும் எடுங்கள்

இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. 2017 ஜனவரி முதல் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே எடுங்கள். 'இலவச ஸ்கோர்' காட்டும் ஆப்களில் பலவற்றுக்கு உங்களுக்கு இன்னொரு கடன் விற்பதுதான் நோக்கம். தவிர, அங்கே ஸ்கோர் கிடைக்கும் அளவுக்கு விவரம் கிடைக்காது. நமக்கு வேண்டியது விவரம்.

நீங்களே உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. கடன் கொடுப்பவர் பார்ப்பதுதான் விசாரணையாகப் பதிவாகும்.

300 முதல் 900 வரை உள்ள அந்த எண்ணை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கணக்குகள் பகுதிக்குப் போய் அந்தக் கார்டைக் கண்டுபிடியுங்கள். கடைசியாகப் பணம் கட்டிய தேதி என்ன, தகவல் கடைசியாக எந்தத் தேதியில் தெரிவிக்கப்பட்டது, நிலுவை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். 'ரைட் ஆஃப் தொகை' என்ற இடத்தில் மொத்தம், அசல் என்று இரண்டு எண் இருக்கும். அந்த அசல் எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள், பேரம் பேசும்போது அதுதான் கை கொடுக்கும். அதன் கீழே 36 மாதம் வரை கட்டம் கட்டமாக, எத்தனை நாள் தாமதம் என்று காட்டும். 000 என்றால் தாமதம் இல்லை. 90, 180 என்று ஏறிக்கொண்டே போனால் அதுதான் உங்கள் கதை.

படி 2: இது உங்கள் கடன்தானா?

சிரிக்காமல் கேட்கிறேன். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல்தான் பெரிய தலைவலி. 'எஸ். குமார்' என்பவர் ஒரு வங்கியில் குமார் சுப்பிரமணியன், இன்னொன்றில் சுப்பிரமணியன் குமார், பான் கார்டில் வேறு மாதிரி. இப்படி இருக்கும்போது இன்னொருவர் கணக்கு உங்கள் ரிப்போர்ட்டில் வந்து ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பிறந்த தேதி, பான், முகவரி, கார்டு வாங்கிய வருடம் எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் பேரமே பேச வேண்டாம். நேராகப் படி 7க்குப் போய் புகார் செய்யுங்கள்.

இன்னொரு வகை, கேட்காமலே அனுப்பப்பட்டு உறையைக்கூடப் பிரிக்காத கார்டு. வருடக் கட்டணம் என்று 500 ரூபாயில் தொடங்கி சில வருடத்தில் பல ஆயிரமாக வளர்ந்திருக்கும். கிரெடிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஜூலை முதல் கொண்டுவந்த விதிகளின்படி, செயல்படுத்தாத புதுக் கார்டின் தகவலை கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பவே கூடாது. அந்தத் தேதிக்குப் பிறகு வந்த கார்டு என்றால் இந்த விதியைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், கட்டிவிட்டு வெளியே வரப் பார்க்காதீர்கள்.

அடுத்து, கடன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வங்கிகள் பழைய வாராக்கடனை மொத்தமாகச் சேர்த்து சொத்துப் புனரமைப்பு நிறுவனங்களுக்கு விற்பதுண்டு. அப்படி விற்றிருந்தால் ரிப்போர்ட்டில் வங்கியின் பெயருக்குப் பதில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். பணம் அவர்களுக்குத்தான், சான்றிதழும் அவர்களிடம்தான். ஏஜென்சி என்பது வேறு. அது வங்கிக்காக வசூலிக்கும் கூலி ஆள்தான், கடன் அதன் கையில் இல்லை. போனில் யார் பேசினாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "கடன் உங்களுடையதா, நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்? அதற்கான கடிதத்தை அனுப்புங்கள்."

படி 3: தேதியைக் கணக்கிடுங்கள், அதுவரை வாயையும் பேனாவையும் மூடி வையுங்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

3 வருடக் கெடு முடிவதற்குள், கடன் இருப்பதை நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக 3 வருடம் தொடங்கும். இது காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. "பாக்கி இருப்பது உண்மைதான், ஆனால் என்னால் கட்ட முடியாது" என்று எழுதினாலும் அது ஒப்புதல்தான், கட்ட மறுத்திருப்பதால் தப்பிக்க முடியாது. கெடுவுக்குள் ஒரு பகுதித் தொகையைக் கட்டினாலும், அதை நீங்கள் கைப்பட எழுதிய அல்லது கையெழுத்திட்ட பதிவு இருந்தால் 19ஆம் பிரிவின்படி அதே விளைவுதான். "ஒரு ஆயிரமாவது கட்டுங்க சார், நல்லெண்ணத்துக்கு" என்று ஏஜென்ட் கெஞ்சுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கெடு முடிந்த பிறகு? அப்போது வெறும் ஒப்புதல் போதாது. ஆனால் 'கட்டிவிடுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25(3)இன்படி அதுவே புது ஒப்பந்தம் ஆகிவிடும். செத்த வழக்குக்கு உங்கள் கையெழுத்தே உயிர் கொடுக்கும்.

தேதி எண்ணும்போது பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. கொரோனாவை முன்னிட்டு 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான காலத்தைக் காலவரையறைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018, 2019இல் நின்றுபோன கடனுக்கு நீங்கள் போடும் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடிவிடும். தொகை பெரிது, தேதி எல்லையில் நிற்கிறது என்றால் ஒரு வக்கீலுக்குக் கட்டணம் கொடுத்துக் கேட்பதில் தப்பே இல்லை. இலவசச் சட்ட உதவி மையத்தின் எண் 15100.

சரி, பேனாவை மூடி வைத்தால் விவரம் எப்படிக் கேட்பது? இப்படி எழுதலாம்:

"மேற்கண்ட கார்டு கணக்கில் என் பெயரில் பாக்கி இருப்பதாகத் தெரிவித்துள்ளீர்கள். கணக்குத் தொடங்கியதிலிருந்து இன்று வரையிலான ஸ்டேட்மென்ட்கள், அசல், வட்டி, கட்டணம், வரி ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்த விவரம், கடைசியாகப் பணம் வரவான தேதி, கணக்கு வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அதற்கான கடிதம் ஆகியவற்றை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் விவரம் கேட்பதற்காக மட்டுமே. இதைக் கடனை ஒப்புக்கொண்டதாகவோ, கட்டுவதாக உறுதி அளித்ததாகவோ கொள்ளக் கூடாது."

மின்னஞ்சலில் அனுப்பினாலும் இதே வார்த்தைகள்தான். அதுவும் எழுத்துதான் என்று நினைத்தே அனுப்புங்கள்.

படி 4: பாக்கி எப்படி இவ்வளவு வளர்ந்தது என்று பிரியுங்கள்

கார்டு வட்டி மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை இருப்பது சாதாரணம். 50,000 ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,750. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315. ஒரு மாதத்துக்கு 2,065 ரூபாய். தாமதக் கட்டணம் இதில் சேரவில்லை. அடுத்த மாதம் வட்டிக்கும் வட்டி. இப்படித்தான் ஐம்பதாயிரம் மூன்று வருடத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. 'இவ்வளவு வட்டி சட்ட விரோதம் இல்லையா' என்று கேட்பவர்களுக்கு: 30 சதவீதத்துக்கு மேல் வட்டி போடக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்த வாதத்தை நம்பிப் பேச்சுக்குப் போகாதீர்கள்.

பிடிக்க வேண்டிய இடம் வேறு. 2022 விதிகளின்படி, கட்டாமல் விட்ட கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து அதன் மேல் வட்டி போடக் கூடாது. தாமதக் கட்டணம் கெடு தேதிக்குப் பிறகு நிலுவையில் இருக்கும் தொகைக்கு மட்டும்தான், மொத்த பில்லுக்கும் இல்லை. கார்டை மூடச் சொல்லிக் கேட்டு, அப்போது பாக்கியும் இல்லையென்றால், 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஸ்டேட்மென்ட் கைக்கு வந்ததும் இவற்றை வரிவரியாகப் பாருங்கள். வேண்டாம் என்று சொன்ன இன்சூரன்ஸ், கேட்காத 'பாதுகாப்புத் திட்டம்' போன்றவை மாதாமாதம் கழிந்திருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்தால் நீங்கள் உண்மையில் செலவு செய்த தொகை தெரியும். பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

படி 5: முழுதாகக் கட்டுவதா, செட்டில்மென்ட்டா, சும்மா இருப்பதா?

முழுதாகக் கட்டினால் கணக்கு 'மூடப்பட்டது' என்று பதிவாகும். பழைய தாமதக் கட்டங்கள் இருக்கும், ஆனால் பாக்கி பூஜ்யம். குறைத்துப் பேசிக் கட்டினால் 'செட்டில்டு' என்று பதிவாகும். 'ரைட் ஆஃப்' ஆன பிறகு பேசி முடித்தால் அதையும் சேர்த்துக் காட்டும். அடுத்து கடன் கொடுக்க வரும் வங்கிக்கு அதன் அர்த்தம், 'இவரிடம் முழுப் பணம் வரவில்லை' என்பதுதான். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, செட்டில்மென்ட் செய்தவருக்கு அதே நிறுவனம் மறுபடி கடன் தரக் குறைந்தது 12 மாதம் இடைவெளி விட வேண்டும்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு மூன்று வருடத்துக்குள் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்து, பணமும் புரட்ட முடிந்தால், வட்டியில் தள்ளுபடி கேளுங்கள், ஆனால் கணக்கு 'மூடப்பட்டது' என்று பதிவாக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சில வங்கிகள் கட்டணங்களைத் திருப்பி வரவு வைத்துப் பாக்கியைப் பூஜ்யமாக்கிக் கணக்கை மூடித் தருவதுண்டு. கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். கையில் பணமே இல்லை, குடும்பம் தள்ளாடுகிறது என்றால் செட்டில்மென்ட்டுக்கு வெட்கப்படத் தேவையில்லை. கட்டப்படாமல் மாதாமாதம் பெருகும் கணக்கைவிட அது மேல்தான். பிற்பாடு வசதி வந்ததும், அப்போது தள்ளுபடி ஆன மீதித் தொகையையும் கட்டி, 'செட்டில்டு' என்பதை 'மூடப்பட்டது' என்று மாற்றச் சொல்லிக் கேட்கும் வழியும் இருக்கிறது.

சட்டக் கெடு தெளிவாக முடிந்துவிட்ட கடனை என்ன செய்வது? வழக்குப் பயம் குறைவு, ஆனால் ரிப்போர்ட்டில் கறை நிற்கிறது. அப்படிப்பட்ட நிலையில் கட்டுவதானால், ரிப்போர்ட்டைச் சரிசெய்யவே கட்டுகிறீர்கள். எனவே ரிப்போர்ட்டில் என்ன மாறும் என்று எழுத்தில் தராதவருக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய கார்டை அடைக்க உடனடிக் கடன் ஆப்பில் கடன் வாங்காதீர்கள். நகையை மீட்க இன்னொரு நகையை வைப்பது போல அது முடிவே இல்லாமல் போகும்.

படி 6: பேரமும் கடிதமும்

உங்களால் ஒரே தவணையில் எவ்வளவு தர முடியும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டு, அந்த எண்ணைவிடக் குறைத்துத் தொடங்குங்கள். உதாரணமாக, அசல் 60,000, வங்கி கேட்பது 1,90,000, உங்களிடம் இருப்பது 55,000 என்று வைத்துக்கொள்வோம். 35,000இல் ஆரம்பியுங்கள். ஒரே தவணையில் தருபவருக்குத்தான் தள்ளுபடி அதிகம். வங்கிகள் மார்ச் மாதக் கணக்கு முடிவு நெருங்கும்போது கொஞ்சம் இறங்கி வரும், அது அனுபவத்தில் பார்த்தது. "இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் இந்த ஆஃபர்" என்றால் அவசரப்படாதீர்கள். அதே ஆஃபர் அடுத்த வாரமும் வரும்.

எண் ஒத்து வந்ததும் கடிதம். நான் இருபதாயிரம் இழந்து கற்ற பாடம் இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். கடிதம் வங்கியின் பெயர் அச்சிட்ட தாளில், அல்லது வங்கியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும். ஏஜென்டின் வாட்ஸ்அப்பில் வரும் படம் கடிதம் ஆகாது. அதில் உங்கள் பெயர், கார்டின் கடைசி நான்கு இலக்கம், மொத்தப் பாக்கி, பேசிய தொகை, கட்ட வேண்டிய தேதி எல்லாம் இருக்க வேண்டும். இந்தத் தொகை வந்ததும் மீதி எதுவும் கேட்கப்படாது, கணக்கு முழுமையாக முடிக்கப்படும் என்ற வரி கட்டாயம். கடன் தகவல் நிறுவனங்களுக்கு எந்த நிலையாகத் தெரிவிக்கப்படும் என்றும் எழுதியிருக்க வேண்டும். கடிதம் வந்த பிறகு, கார்டின் பின்புறமோ வங்கியின் இணையதளத்திலோ உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து, அப்படி ஒரு கடிதம் போயிருக்கிறதா என்று சரிபாருங்கள். போலிக் கடிதம் அச்சடிக்க அரை மணி நேரம் போதும்.

பணத்தை நேராக அந்தக் கார்டு கணக்கிலோ, கடிதத்தில் சொன்ன வங்கிக் கணக்கிலோ மட்டும் கட்டுங்கள். ஏஜென்டின் யுபிஐ எண்ணுக்கோ, கையில் ரொக்கமாகவோ வேண்டாம். தேதியை ஒரு நாள்கூடத் தாண்டாதீர்கள், தாண்டினால் ஒப்பந்தம் செல்லாது என்று பெரும்பாலான கடிதங்களில் ஒரு வரி இருக்கும். தவணைக்கு, இனி வரும் தேதிகளைப் போட்ட காசோலை கேட்டால் நன்றாக யோசியுங்கள். கார்டு பாக்கி சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் பிடிக்க முடியாது. ஆனால் காசோலை திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவில் குற்ற வழக்கு வரலாம். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த உத்தரவு பணமில்லாமல் திரும்பினாலும் அதற்கு இணையான சட்டப் பிரிவு உண்டு.

கட்டிய பிறகு பாக்கி இல்லை என்ற சான்றிதழ், அதாவது எல்லாரும் என்ஓசி என்று சொல்வது, கைக்கு வரும்வரை விடாதீர்கள்.

நடுவில் வரும் மிரட்டல்கள்

ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் அறிவிப்பின்படி, வசூல் ஏஜென்ட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. திட்டுவது, பலர் முன்னால் அவமானப்படுத்துவது, சொந்தக்காரர், நண்பர் வீட்டுக்குள் மூக்கை நுழைப்பது எதற்கும் அனுமதி இல்லை. வீட்டுக்கு வருபவரிடம் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் அடையாள அட்டையும் இருக்க வேண்டும். தேதி, நேரம், எண், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், முடிந்தால் பதிவு செய்யுங்கள். முதலில் வங்கிக்குப் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் தாமதிக்காமல் போகலாம். கட்டணம் இல்லை, இணையத்திலேயே கொடுக்கலாம். உதவி எண் 14448.

வாட்ஸ்அப்பில் வரும் 'கைது வாரண்ட்' குப்பைக்குப் போக வேண்டியது. ஆனால் உண்மையான நோட்டீஸ்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மக்கள் நீதிமன்ற நோட்டீஸ் பயப்பட வேண்டியதே இல்லை, உண்மையில் பேரம் பேச நல்ல இடம். அங்கே ஒத்துக்கொண்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் கட்ட முடியாத எண்ணுக்குத் தலையாட்டிக் கையெழுத்திடாதீர்கள். நடுவர் மன்ற (நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் விசாரிக்கும்) நோட்டீஸ், நீதிமன்றச் சம்மன் இரண்டுக்கும் கட்டாயம் பதில் தர வேண்டும். நீண்ட விசாரணை இல்லாமல் முடிக்கும் சுருக்கமுறை வழக்கு என்றால் சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராவதைத் தெரிவிக்க வேண்டும். காலவரையறை முடிந்த கடன் என்றாலும் அங்கே போய் அதைச் சொல்லுங்கள், பேசாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் உங்கள் பக்கத்தை எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. தீர்ப்பே வந்தாலும் சம்பளம் முழுதையும் எடுக்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவு முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் காக்கிறது. பிஎஃப் பணத்தைத் தொட முடியாது.

அதே வங்கியில் உங்கள் சம்பளக் கணக்கோ எஃப்டியோ இருந்தால் கவனம். பாக்கிக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமையைக் கார்டு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். பேச்சு முடியும்வரை சம்பளம் வேறு வங்கிக்கு வரட்டும்.

படி 7: ரிப்போர்ட்டைத் திருத்துங்கள்

பணம் கட்டி என்ஓசி வாங்கியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் குறைந்தது இரண்டு முறை தகவலைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே ஒரு மாதம் பொறுத்து, நான்கு ரிப்போர்ட்டையும் பாருங்கள். ஒன்றில் மாறி இன்னொன்றில் மாறாமல் இருப்பது சகஜம்.

மாறவில்லை என்றால் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தகராறு பதிவு செய்து என்ஓசியையும் கட்டிய ரசீதையும் இணையுங்கள். வங்கிக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதில் வங்கிக்கு 21 நாள். 30 நாள் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உரியது. ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் சொன்ன இந்த விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. கடிதத்தில் இதைக் குறிப்பிட்டாலே வேலை வேகமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் குறைதீர்ப்பாளர்தான். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அவர் வரம்புக்குள் வருகின்றன.

"பத்தாயிரம் கொடுங்க, சிபில்ல இருந்து எடுத்துடறோம்" என்பவர்களிடம் போகாதீர்கள். உண்மையான பதிவை யாராலும் காசு வாங்கி அழிக்க முடியாது, தவறான பதிவைத் திருத்த நீங்களே போதும்.

ஸ்கோர் ஏற எவ்வளவு நாள்?

மூடிய மறுமாதமே ஸ்கோர் துள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். தாமதக் கட்டங்கள் 36 மாதத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். புது மாதங்கள் சுத்தமாகச் சேரச் சேரப் பழையவை பின்னால் தள்ளப்படும். சுத்தமான மாதங்களைச் சேர்ப்பதுதான் வேலை. சாதாரணக் கார்டு கிடைக்காத நிலையில் எஃப்டி மீது தரும் கார்டு நல்ல வழி. பத்து, இருபதாயிரம் ரூபாய் எஃப்டி போட்டால் சில வங்கிகள் தருகின்றன. வரம்பில் கால் பங்குக்கு மேல் செலவு செய்யாமல், பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டுங்கள். கெடு தேதி தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் தாமதம் என்று தெரிவிக்கலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் அந்த மூன்று நாளை நம்பி வாழ வேண்டாம். ஒரே மாதத்தில் நாலைந்து இடத்தில் கடன் கேட்டு விண்ணப்பம் போடாதீர்கள்.

கார்டு வைத்திருந்தவர் இறந்துபோயிருந்தால், ஏஜென்ட்கள் பிள்ளைகளையும் மனைவியையும் கேட்பார்கள். இறந்தவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைதான் வாரிசுகளுக்குப் பொறுப்பு, தங்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழின் நகலை வங்கிக்கு அனுப்பி, கணக்கை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன் "நான் கட்டிடறேன்" என்று யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

செட்டில்மென்ட் கடிதம், கட்டிய ரசீது, என்ஓசி, மாறிய பிறகு எடுத்த ரிப்போர்ட் நான்கையும் ஒரே ஃபைலில் வையுங்கள், நகலை மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். என் கணக்கை இரண்டாவது முறை முறையாக முடித்து மூன்று வருடம் ஆனபோது வேறொரு ஏஜென்சியிலிருந்து அதே கார்டுக்காகப் போன் வந்தது. என்ஓசியைப் படம் எடுத்து அனுப்பினேன். அன்றோடு நின்றது.